வாசல் தெரியும், வீடு தெரியாது

ரஞ்சிதா வாடகை வீடு தேடித் திருமயத்துக்கு வந்தபோது, ஒரே ஒரு கேள்விக்கான பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். "வீட்டுக்காரர் என்ன பண்றாரு?" என்பதுதான் அந்தக் கேள்வி. புதுக்கோட்டையில் அவள் பார்த்த வீடுகளில் எல்லாம் அதைத்தான் முதலில் கேட்டார்கள். தண்ணீர் வருமா, கரண்டு நிற்குமா என்று இவள் வாயைத் திறப்பதற்குள் அது வந்து முன்னால் நிற்கும். புருசன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான் என்று தெரிந்ததும், "மராமத்து வேலை பாக்கி கெடக்கும்மா, முடிஞ்சதும் சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். சொல்லி அனுப்பியவர் ஒருவருமில்லை.

திருமயத்தில் அவளுக்கு வீடு காட்டியவர் சொர்ணவல்லி. வீடு, மனை, தோட்டம் என்று எல்லாவற்றுக்கும் புரோக்கர். பெரியவர் சின்னவர் பார்க்காமல் ஊரே அவரை சொர்ணக்கா என்றுதான் கூப்பிடும். ரஞ்சிதா வந்து நின்றதும், அவளையும் அவள் கையைப் பிடித்திருந்த சின்னஞ்சிறு மகளையும் ஒரு பார்வை பார்த்தார். "நாளைக்குக் காலையில வா தாயி. ஒரு எடம் இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் முத்துமாரியம்மாள் வீட்டு வாசலில் ரஞ்சிதா நின்றாள். மனப்பாடம் செய்த பதில் தொண்டை வரைக்கும் வந்து காத்திருந்தது. முத்துமாரியம்மாள் அவளை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். பார்த்துவிட்டு, "காபி குடிப்பியா தாயி, டீ குடிப்பியா?" என்று கேட்டார். பக்கத்துப் போர்ஷனைத் திறந்து காட்டினார். சாவியைக் கையில் கொடுக்காமல் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார். அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அன்றைக்கு மட்டுமில்லை, ஆறு வருசமாகக் கேட்கவில்லை.

அதற்கு முந்தின நாள் சாயங்காலமே சொர்ணக்கா அந்த வீட்டுக்குப் போய் ஏதோ பேசிவிட்டு வந்திருக்கிறார் என்பது பிற்பாடுதான் ரஞ்சிதாவுக்குத் தெரிந்தது. என்னக்கா சொன்னீங்க என்று கேட்டால், "ஒன்னப் பத்தி நல்ல வார்த்தையாத்தான் சொன்னேன்" என்பார். வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

அந்த நல்ல வார்த்தை என்னவென்று தெரியாமலேயே ரஞ்சிதா அந்த வீட்டில் ராணி மாதிரி இருந்தாள். முத்துமாரியம்மாள் ஊரில் ஒருவரையும் விட்டுவைக்காமல் வைகிறவர். பால்காரர் அவர் வீட்டு மணியை அடிக்கப் பயந்து பாக்கெட்டைக் கேட்டிலேயே மாட்டிவிட்டுப் போவார். அப்படிப்பட்டவர் ரஞ்சிதாவிடம் குரலை உயர்த்தியதே இல்லை. வாடகையை ஏற்றியதும் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் காலையில் குளித்துவிட்டு வந்து, மஞ்சள் தடவிய ஓர் எலுமிச்சம்பழத்தை ரஞ்சிதாவின் கையில் கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டாமல் இரண்டு எட்டு பின்னாலேயே நடந்து போவார். பெரிய மனசு என்று ரஞ்சிதா நினைத்துக்கொண்டாள். அந்தப் பழத்தைக் கழுவி, சர்க்கரையும் உப்பும் போட்டு ஜூஸ் பிழிந்து மகளோடு குடித்தாள்.

சொர்ணக்காவுக்குப் பிறந்த ஊர் கந்தர்வக்கோட்டைப் பக்கம். முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்த விரல்களோடு திருமயத்துக்கு வாக்கப்பட்டு வந்தவர். புருசன் போன பிறகு ஒரு மாட்டை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் பால் ஊற்றினார். பால் ஊற்றுகிறவருக்குத் தெரியாத வீட்டு விசயம் உண்டா? ஒரு லிட்டர் வாங்கும் வீட்டில் அரை லிட்டர் போதும் என்றால் மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். காலாழாக்குக்கு வந்தால் மாடி போர்ஷன் காலி. பாலே வேண்டாம் என்றால் வீடே காலி. இந்தச் செய்தியை வீடு தேடி அலைகிற வாத்தியார்களிடமும் பேங்குக்காரர்களிடமும் சும்மா சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஒரு டீச்சர் வீடு அமைந்த சந்தோசத்தில் அவருக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தார். மாட்டைவிட இது பரவாயில்லையே, புல்லு கேட்காதே என்று சொர்ணக்காவுக்குத் தோன்றிவிட்டது.

அப்புறம் ஒரு பழைய டிவிஎஸ் வாங்கினார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். தண்ணீரின் ருசி பார்த்த பிறகுதான் வீட்டைப் பார்ப்பார். தொழிலில் பெரிய பொய் சொல்ல மாட்டார். சின்னப் பொய் சொன்னால், போகிற வழியில் வண்டியை நிறுத்தி, கோட்டை பைரவருக்கு ஒரு மிளகு தீபம் போட்டுவிட்டுப் போவார். "நான் சொல்றேன், நீ மன்னிக்கிற. ஆளுக்கு ஒரு வேலை இருக்கணும்ல" என்று சாமியிடமே சொல்லுவாராம். பைரவர் என்ன சொன்னார் என்பது தெரியாது. தொழில் நன்றாகத்தான் நடந்தது.

புறவழிச்சாலையில் கண்ணாடி போட்ட ஒரு ரியல் எஸ்டேட் ஆபீஸ் வந்த பிறகுதான் ஆட்டம் கண்டது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறவர்கள் போனிலேயே மனையைப் பார்த்து, போனிலேயே பேசி முடித்துக்கொண்டார்கள். சொர்ணக்காவின் டிவிஎஸ் நிழலில் நிற்க ஆரம்பித்தது. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் ரஞ்சிதா வைத்திருந்த கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏத்தா, எனக்கும் ஒரு வெப்சைட் போடணும்."

"போட்ரலாம்க்கா. எந்தெந்த வீடு, எங்க இருக்கு, படம், மேப்பு எல்லாம் குடுங்க."

"படம் தாரேன். எங்க இருக்குன்னு மட்டும் போடக் கூடாது."

ரஞ்சிதா திரும்பிப் பார்த்தாள். "எங்க இருக்குன்னு போடாம வீட்டை எப்படிக்கா விக்கிறது?"

"எனக்குப் போன் பண்ணுவாக. நான் கூட்டிட்டுப் போயிக் காட்டுவேன். மேப்பைப் போட்டா அவுக நேரா அங்கிட்டுப் போயிருவாக. அப்புறம் சொர்ணவல்லி எதுக்கு, மேப்புக்கு மாலை போடவா?"

"ஊர் பேராவது போடுவோம்க்கா."

"ஊர் பேரைப் போட்டா தெருவைக் கண்டுபிடிப்பாக. தெருவைக் கண்டுபிடிச்சா வீட்டைக் கண்டுபிடிப்பாக. வீட்டை விக்கிறவுக ஊருக்குச் சொல்லிக்கிட்டா விக்கிறாக? வெளிய தெரிஞ்சா என்னாகும்? பக்கத்து வீட்டுக்காரன் பாதி விலைக்குக் கேப்பான். பங்காளி வந்து வாசல்ல பாயை விரிச்சுப் படுத்துக்குவான். மத்தவுக, 'அய்யோ பாவம், என்ன கஷ்டமோ'ன்னு வீடு தேடி வந்து அழுதுட்டுப் போவாக. பத்திரம் முடியிற வரைக்கும் அந்த வீட்டுக் கோழிக்குக்கூடத் தெரியக் கூடாது."

ரஞ்சிதாவின் தலையில் இப்படி ஒரு வேலை விழுந்தது. எல்லாவற்றையும் காட்ட வேண்டும், ஒன்றும் தெரியக் கூடாது. சொர்ணக்கா தன் போனில் எடுத்து அனுப்பும் படங்களில் பின்னால் கோட்டை தெரிந்தால் கோட்டையை அழிக்க வேண்டும். கோபுரம் தெரிந்தால், சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கோபுரத்தை வெட்ட வேண்டும். ஒரு படத்தில் வாசலோரம் வெள்ளாடு ஒன்று நின்றது.

"அந்த ஆட்டை எடுத்துரு."

"ஆட்டை வச்சு யாருக்கா கண்டுபிடிப்பா?"

"காது கிழிஞ்சிருக்குல்ல? சோசியர் வீட்டு ஆடு. அது மேயாத தெரு இல்ல, அதை வெரட்டாத ஆள் இல்ல. எடு எடு."

அழித்து அழித்துக் கடைசியில் மிஞ்சியது பெரும்பாலும் கதவுதான். சில வீடுகளுக்குக் கதவும் ஆபத்து என்றார். ஒரு வீட்டுக்கு வெறும் குழாய் மட்டும் மிஞ்சியது.

"கொழாய் மட்டும்தானேக்கா தெரியுது?"

"தண்ணி வருதுல்ல? வீடு வாங்குறவனுக்கு வேற என்ன வேணும்?"

ஆனாலும் சொர்ணக்கா கேட்ட சில விசயங்கள் ரஞ்சிதாவுக்கே பிடித்துப்போயின. மற்ற வெப்சைட்டுகளில் எத்தனை படுக்கையறை என்று கேட்கும் இடத்தில், இவர் வாசல் எந்தத் திசை என்று கேட்கச் சொன்னார். அதற்குக் கீழே தண்ணீர்: நல்ல தண்ணீர், சப்புத் தண்ணீர், உப்பு. அதற்கும் கீழே, "மாமியார் வீட்டுக்குப் பக்கம் வேண்டும்", "மாமியார் வீட்டுக்குத் தூரம் வேண்டும்" என்று இரண்டு பட்டன். பக்கம் என்ற பட்டனை இன்றுவரை ஒருவரும் தொட்டதில்லை என்பது ரஞ்சிதாவுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தெரியும்.

முதல் பக்கத்தில் பிள்ளையார் வேண்டும் என்றார். வைத்தாள். கையை வைத்ததும் மணி அடிக்க வேண்டும் என்றார்.

"வேணாம்க்கா. ஆபீஸ்ல ஒக்காந்து பாக்குறவுகளுக்கு மானம் போயிரும்."

"சாமி முன்னால மணி அடிச்சா மானம் போகுமா? அடிக்கட்டும்த்தா. கோயில்ல மணி அடிக்காம நான் ஒரு வீட்டையும் காட்டினதில்ல."

பிள்ளையாரைத் தொட்டதும் கணீரென்று மணி அடித்தது. சொர்ணக்கா கடையிலேயே எழுந்து நின்று கும்பிட்டார்.

வெப்சைட் போட்ட முதல் வாரம் வெளியூரிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. ஆனால் உள்ளூர் மொத்தமும் அதைத்தான் பார்த்தது. முத்துராமன் டீக்கடையில் தினசரிப் பேப்பரை யாரும் சீண்டவில்லை. எல்லார் கையிலும் போன். கதவைக் காட்டி இது யார் வீடு, அது யார் வீடு என்று ஒரே பந்தயம். மூன்றாம் நாள் முத்துராமனே டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு ஒரு படத்தை உற்றுப் பார்த்தார். பச்சைப் பெயிண்டு, பித்தளைப் பிடி. சொர்ணக்காவுக்குப் போன் போட்டார்.

"யக்கா! இது என் வீட்டுக் கதவு! என் சம்சாரம் எனக்குத் தெரியாம வீட்டை விக்கிறாளா?"

"தம்பி, இந்த ஊருல பாதிக் கதவு பச்சைக் கதவு. போயி டீயை ஆத்துங்க."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. நேராக வீட்டுக்குப் போய்ப் பொண்டாட்டியிடமே கேட்டுவிட்டார். கதவு அவருடையது இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த அம்மாள் அதைச் சொன்ன விதத்தில், அன்று ராச்சாப்பாடு அவருக்குக் கடையிலேயே பன்னும் டீயும் என்று ஆகிவிட்டது.

பிறகு வெளியூர்ப் போன்கள் வர ஆரம்பித்தன. மறைத்து வைத்த வீட்டைப் பார்க்கும் ஆசை மனுசருக்கு எங்கிருந்துதான் வருமோ! "இது எங்கம்மா இருக்கு?" என்று கேட்பார்கள். "வாங்க, காட்டுறேன்" என்பார் சொர்ணக்கா. வந்தார்கள். டிவிஎஸ் மறுபடி ரோட்டுக்கு வந்தது.

வைகாசி வெயிலில் ஒரு மத்தியானம், சொர்ணக்கா புதிதாகச் சில படங்கள் அனுப்பினார். கூடவே குரலில் ஒரு செய்தியும் வந்தது. "ரொம்ப ரகசியமான வீடு. கெழக்குப் பாத்த வாசல், தண்ணி கற்கண்டு. மொட்டை மாடிப் படத்துல கொடியில துணி கெடக்கு, அழிச்சிரு. துணியை வச்சே பொம்பளையாளுக கண்டுபிடிச்சிருவாக."

பூஜையறை, அடுப்படி, மச்சுப்படி என்று ஒவ்வொன்றாகச் சரி செய்துகொண்டு வந்தாள் ரஞ்சிதா. எல்லாம் அவள் பார்த்திராத உள்கட்டுகள். கடைசியில் கொடி. ஒரு பழைய சேலையை அழித்தாள். ஒரு தலையணை உறையை அழித்தாள். ஒரு நீலத் துண்டை அழிக்கப் போனவள் கையை நிறுத்தினாள். துண்டின் ஓரத்தில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தடம், கப்பல் மாதிரி. அந்தக் கப்பலை விட்டது அவளேதான், போன தீபாவளிக்கு. பக்கத்தில் தொங்கியது அவள் மகளின் பள்ளிக்கூடப் பாவாடை. ஏற்கனவே அழித்த சேலையும் உறையும் யாருடையவை என்று அப்போதுதான் உறைத்தது. தன் வீட்டுத் துணியைத் தானே பாதிக்குமேல் அழித்துவிட்டிருந்தாள்.

முத்துமாரியம்மாள் வீட்டை விற்கிறார். அந்த வீடு விற்றுப்போனால் பக்கத்துப் போர்ஷனும் போகும். போனால் ரஞ்சிதா மறுபடியும் தெருத்தெருவாக வீடு கேட்க வேண்டும். மறுபடியும் அந்தக் கேள்வி.

சாயங்காலம் சொர்ணக்கா வந்து வண்டியை நிறுத்தியதும், ரஞ்சிதா படத்தை அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். "இது யாரு துண்டு?"

சொர்ணக்கா பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "சூட்டைக் கொஞ்சம் கொறைச்சு வச்சு தேச்சிருக்கலாம்ல?" என்றார்.

"வெளையாடாதீங்கக்கா. நான் இருக்கிற வீட்டை என் கையாலேயே விக்க வச்சுட்டீங்களே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப? அன்னிக்கே வேற வீடு தேடக் கெளம்பியிருப்ப. தேடிப் போனா அவுக என்ன கேப்பாகன்னு எனக்குத் தெரியாதா? அந்தம்மாவை மகன் கோயம்புத்தூருக்குக் கூப்பிடுறான், அவுகளுக்குப் படியேற முடியல. கொழுந்தனுக்குத் தெரிஞ்சா எனக்குத்தான் தரணும்னு வந்து ஒக்காந்துக்குவாரு. அவரு ஒன்னைய வெளியேத்திட்டு அந்தப் போர்ஷன்ல தன் கடைச் சிமெண்டு மூட்டையை அடுக்குவாரு. அதான் குடியிருக்கிற ஆளோட சேத்து வீட்டை வாங்குற மாதிரி ஒருத்தரைப் பாத்துக்கிட்டு இருக்கேன். கெடைச்ச பெறகு சொல்லுவோம்னு இருந்தேன்."

ரஞ்சிதாவுக்குக் கோபம் பாதி தணிந்தது. "என்னையும் சேத்து எவுக வாங்குவாக? அந்தம்மா நல்லவுக, ஏதோ என்னைய வச்சிருந்தாக."

சொர்ணக்கா சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. "அவுக நல்லவுகளா இருக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு தாயி. கோவிக்க மாட்டேன்னு சொல்லு."

"சொல்லுங்க."

"ஒனக்கு ஆத்தா வரும்னு சொல்லி வச்சிருக்கேன்."

"எந்த ஆத்தா?"

"மாரியாத்தா. வேற யாரு? 'நல்ல புள்ளை, சுத்தபத்தமான புள்ளை. ஆனா வீட்டுக்காரரைப் பத்தி மட்டும் யாரும் கேட்டுறக் கூடாது. கேட்டா ஆத்தா எறங்கிருவா. எறங்கினா மூணு நாளைக்கு வீடு தாங்காது'ன்னு சொன்னேன். வந்த வழியிலேயே பைரவருக்கு வெளக்கும் போட்டுட்டேன்."

ஆறு வருசம் ரஞ்சிதாவின் கண்முன்னால் வரிசையாக வந்து நின்றது. தாம்பாளத்தில் சாவி. ஏறாத வாடகை. பின்னாலேயே நடந்து போகும் முத்துமாரியம்மாள்.

"அப்ப, வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம்?"

"ஆத்தாளுக்கு."

"அய்யோ! அதையெல்லாம் நான் ஜூஸ் போட்டுக் குடிச்சுட்டேனே!"

"ஆத்தா குடிச்ச மாதிரிதான் விடு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ரஞ்சிதா இரண்டையும் செய்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "இனிமே சாமி பேரைச் சொல்லிப் பொய் சொல்லாதீங்கக்கா. எனக்குப் பயமா இருக்கு. வீடு போனாப் போகட்டும். வாங்க வாரவுககிட்ட இதைச் சொல்லவே கூடாது."

"சரி தாயி. பைரவர் மேல ஆணை. நான் வாயைத் தொறக்க மாட்டேன்."

அந்த ஆணையை அவர் கடைசி வரைக்கும் காப்பாற்றினார். அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அடுத்த வாரமே சென்னையிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவர் பெயர் அபிராமி. அவர் வீட்டுக்காரர் சந்திரசேகருக்குப் பூர்வீகம் திருமயம் பக்கத்துச் செட்டியார் ஊர்களில் ஒன்று. அங்கே பூர்வீக வீட்டுக்கு ஏகப்பட்ட பங்காளிகள், ஓர் அறையைத் திறக்கவே ஊர் ஊராகக் கேட்க வேண்டும். அதனால் வேலை ஓய்ந்ததும் வந்து இருக்கத் தமக்கென்று ஒரு வீடு தேடினார்கள். சமையல்கட்டில் நின்றபடி அபிராமி வெப்சைட்டில் பிள்ளையாரைத் தொட்டிருக்கிறார். மணி கணீரென்று அடித்திருக்கிறது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். "மணி அடிச்சதுமே முடிவு பண்ணிட்டேன். ஒங்ககிட்டதான் வீடு" என்றார். மணி வேண்டாம் என்று சொன்ன ரஞ்சிதா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சொர்ணக்கா அவளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

அவர்கள் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ரஞ்சிதா கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தலைக்குக் குளித்து, ஈரத் தலையைப் பின்னாமல் விரித்துவிட்டிருந்தாள். நெற்றியில் குங்குமம். முத்துமாரியம்மாள் சற்று முன்தான் கொடுத்துவிட்டுப் போன எலுமிச்சம்பழம் கையில். அவள் எதையும் வேண்டுமென்று செய்யவில்லை. அப்படி அமைந்துவிட்டது.

சந்திரசேகர் பெரிய கம்பெனியில் மேனேஜர். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், பக்கத்துப் போர்ஷன் முன்னால் வந்து நின்றார். "இதை இடிச்சிட்டா கார் நிறுத்திக்கலாம்" என்றார் மனைவியிடம். அப்போதுதான் ரஞ்சிதா வெளியே வந்தாள்.

"நீங்கதான் குடியிருக்கிறதா? ஒரு மாசத்துல காலி பண்ணிக் குடுத்துருவீங்கள்ல?"

சொர்ணக்கா குறுக்கே பாய்ந்தார். "சார், கொல்லைக் கெணத்தைப் பாக்கலையே. வாங்க, தண்ணி குடிச்சுப் பாருங்க..."

"இருங்கம்மா." சந்திரசேகர் ரஞ்சிதாவைப் பார்த்தார். "சரி, ஒங்க வீட்டுக்காரர் என்ன பண்றாரு? நான் அவர்கிட்ட பேசிக்கிறேன்."

காபித் தட்டோடு வந்த முத்துமாரியம்மாள் அப்படியே நின்றார்.

மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில் ரஞ்சிதாவுக்கு வரவில்லை. ஆறு வருசத்தில் அது எங்கே போனதோ. அதற்குப் பதிலாக வேறு ஒன்று எழும்பி வந்தது. உடம்பு ஆடியது, விரித்த தலை முன்னால் வந்து விழுந்தது.

"அவரு என்ன பண்றாருன்னு எனக்குத் தெரியாது!" என்றாள். அந்தக் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது. "ஆறு வருசமாத் தெரியாது! எம்புள்ளையைப் படிக்க வைக்கிறது நான்! வாடகை குடுக்கிறது நான்! இந்த வாசலைக் கூட்டிக் கோலம் போடுறது நான்! என்கிட்டப் பேச இன்னொரு ஆள் எதுக்கு? கேக்கிறதை என்கிட்டக் கேளு!"

கையில் இருந்த எலுமிச்சம்பழம் நசுங்கிச் சாறு வழிந்தது.

காபித் தட்டு கீழே விழுந்தது. "ஆத்தா! தாயே!" என்று முத்துமாரியம்மாள் அவள் காலடியில் விழுந்தார். படியேற முடியாதவர் எப்படி அவ்வளவு வேகமாக விழுந்தார் என்று யாருக்கும் புரியவில்லை. "வெளியூர்க்காரரு ஆத்தா, தெரியாமக் கேட்டுட்டாரு! மன்னிச்சிரு தாயே!"

"கன்னத்துல போட்டுக்கங்க!" என்று அபிராமி புருசனின் கையைப் பிடித்து இழுத்தார். ஆபீசில் இருநூறு பேரை நிற்க வைக்கிற சந்திரசேகர், பேசாமல் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

சொர்ணக்கா ஆணையை மீறவில்லை. வாயைத் திறக்கவே இல்லை. பையிலிருந்து ஒரு கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் மட்டும் எடுத்து, முத்துமாரியம்மாளின் கையில் வைத்தார். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரோடு ரஞ்சிதாவின் தோளைப் பிடித்தார்.

"எனக்கு சாமி வரலைக்கா. கோவம்" என்றாள் ரஞ்சிதா, மெதுவாக.

"அதுவும் அவதான். தண்ணியைக் குடிச்சிட்டு ஒக்காரு."

ரஞ்சிதா தண்ணீரைக் குடித்தாள். தெளிந்ததும் எல்லாரையும் பார்த்து நேர்மையாகவே சொன்னாள். "தப்பா நெனைக்காதீங்க. எனக்கு சாமியெல்லாம் வராதுங்க. நெசமாத்தான் சொல்றேன்."

முத்துமாரியம்மாள் அபிராமியின் காதில் சொன்னார். "மலையேறிட்டா. ஏறினதும் இப்படித்தான், ஒண்ணும் தெரியாத மாதிரி பேசுவா."

அபிராமி தலையாட்டினார். புருசன் பக்கம் திரும்பினார். "ரிட்டயர் ஆகுற வரைக்கும் இந்த வீட்டுல வெளக்கேத்த ஆள் வேணும்ல? காரு வேப்பமரத்தடியில நிக்கட்டும். இந்த எடத்தை இடிக்கிறேன்னு இனிமே பேசுனீங்கன்னா, நான் சென்னையிலயே இருந்துக்கிறேன், நீங்க மட்டும் வந்து காரோட குடியிருங்க." ரஞ்சிதாவைப் பார்த்து, "ஒனக்கு இங்க இருக்கச் சம்மதமாம்மா?" என்று கேட்டார். அவளிடமே கேட்டார்.

"இருக்கேங்க" என்றாள் ரஞ்சிதா.

ஆடி கழித்து ஆவணியில் பத்திரம் முடிந்தது. முத்துமாரியம்மாளின் சாமான்கள் வேனில் ஏறியபோதுதான் கொழுந்தனுக்கு விசயம் தெரிந்தது. வெப்சைட்டில் அந்த வீட்டின் மச்சுப்படியை அவர் டீக்கடையில் உட்கார்ந்து பார்த்தாராம். "பழைய படி, யாரும் வாங்க மாட்டாங்க" என்று மற்றவர்களிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தாராம். போகும்போது முத்துமாரியம்மாள் அபிராமியிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத்தான் போனார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை காலையில் பூக்காரம்மா மஞ்சள் தடவிய எலுமிச்சம்பழத்தோடு வந்து நிற்பார். சென்னையிலிருந்து ஏற்பாடு.

ரஞ்சிதா இப்போது அதை ஜூஸ் போடுவதில்லை. கோட்டை மாரியம்மனிடம் கொண்டுபோய் வைத்துவிடுகிறாள். மகள் கேட்டால் மட்டும்தான் ஜூஸ். மகள் பாதி நாள் கேட்கிறாள்.

மார்கழியில் சொர்ணக்காவுக்கு முழங்கால் மடங்கவில்லை. ஓசூரில் இருக்கும் மகள் வந்து கூப்பிட்டாள். வண்டியை விற்றார். வெப்சைட்டில் தன் நம்பரை எடுத்துவிட்டு ரஞ்சிதாவின் நம்பரைப் போடச் சொன்னார். "மணியை மட்டும் எடுத்துராத" என்றார். அதற்கப்புறம் அவர் திருமயத்துக்கு வரவே இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டதுதான் ரஞ்சிதா அவரைக் கடைசியாகப் பார்த்தது.

ஜன்னலோரம் உட்கார்ந்து, பைரவர் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். கண்டக்டர் விசில் ஊதினார். ரஞ்சிதா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, மனசு கேக்கலக்கா. அபிராமி அம்மாகிட்ட உண்மையைச் சொல்லிறவா?" என்று கேட்டாள்.

பஸ் நகர்ந்தது. சொர்ணக்கா தலையை வெளியே நீட்டினார்.

"தாராளமாச் சொல்லு தாயி, அவுக நம்பப் போறதில்ல. எலுமிச்சம்பழத்தை மட்டும் வேணாம்னு சொல்லிறாத. அடுத்த மாசமே வாடகையை ஏத்திருவாக!"